ஹேண்டிலைத் தூக்கும் முன்

"அண்ணா, ஹேண்டிலக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க" என்று கேட்டு வருபவரை முதலில் சைக்கிளில் ஏறி உட்காரச் சொல்வேன். கடைப்பையன் பின்சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்துக்கொள்வான். பெடலைப் பின்பக்கமாக நாலு சுற்று சுற்றிவிட்டு, வழக்கமாக ஓட்டுவதுபோலக் கையை வைக்கச் சொல்லி, பக்கவாட்டில் தள்ளி நின்று பார்ப்பேன். முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா, விறைத்து நிற்கிறதா? தோள்பட்டை காதுவரை ஏறியிருக்கிறதா? ஆள் சீட்டின் அகலமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா, அதன் மூக்கில் தொற்றிக்கொண்டிருக்கிறாரா? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் எல்-கீயைக் கையில் எடுப்பேன்.

கோவையில் மலைச் சைக்கிள்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மருதமலை ஏறுகிறவர்கள், தடாகம் வழியாக ஆனைகட்டி போய் வருகிறவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வளைவு வளைவாக மிதிக்கிறவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். இதில் பாதிப்பேர் காட்டுப் பாதையில் டயரை வைத்ததே இல்லை; தார் ரோட்டில்தான் ஓட்டுகிறார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. பெரிய டயரும் முன்னால் ஷாக்கும் நம் ரோடுகளுக்குப் பொருத்தம்தான். கழுத்து வலி, மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போவது, நடு முதுகில் பிடிப்பு என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்றுதான், ஹேண்டிலைத் தூக்க வேண்டும்.

தூக்கலாம். ஆனால் தூக்கினால் என்ன நடக்கிறது என்று தெரிந்து தூக்க வேண்டும். சைக்கிளில் உடம்பின் பாரம் மூன்று இடங்களில் இறங்குகிறது: பெடல், சீட்டு, ஹேண்டில். ஹேண்டிலை உயர்த்தினால் கையில் இருந்த பாரத்தில் ஒரு பங்கு பின்னால் போய்ச் சீட்டில் உட்காரும். அவ்வளவுதான் நடக்கிறது. அதனால் முதலில் சீட்டு சரியான இடத்தில் இருக்க வேண்டும். சீட்டைக் கவனிக்காமல் ஹேண்டிலை மட்டும் தூக்கிக் கொடுக்கிற கடைக்காரர், அடுத்த மாதம் இடுப்பு வலியோடு அதே ஆளைப் பார்ப்பார்.

ஒரு டாக்டர் அம்மா வந்திருந்தார்கள். காலையில் சிறுவாணி ரோட்டில் ஓட்டுகிறவர். இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறது, ஹேண்டில் தாழ்வாக இருக்கிறது என்றார்கள். உள்ளங்கையின் அடிப்புறம், சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் ஒரு நரம்பு போகிறது. அல்நார் நரம்பு என்று அவர்களே பெயர் சொன்னார்கள். அது நசுங்கினால் அந்த இரண்டு விரலும்தான் மரக்கும். சீட்டின் மேல் பலகை வைத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். மூக்கு நன்றாகக் கீழே சாய்ந்திருந்தது. யாரோ, வலி குறையும் என்று சாய்த்துவிட்டிருக்கிறார்கள். மிதிக்க மிதிக்க ஆள் முன்னால் சறுக்குகிறார். சறுக்காமல் இருக்க இரண்டு கையாலும் ஹேண்டிலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். சீட்டை மட்டமாக்கி, அதன் அடியிலுள்ள தண்டவாளக் கம்பியில் ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். ஹேண்டிலைத் தொடவே இல்லை. மரத்துப்போவது நின்றுவிட்டது என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

சீட்டின் உயரத்துக்குப் பழைய வழியே போதும். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் அளவான மடிப்பு வந்துவிடும். முன்பின் அளவுக்குத் தூக்குக்குண்டு வைத்திருக்கிறேன். பெடல் இரண்டும் தரைக்கு மட்டமாக நிற்கும்போது, முன்முழங்காலின் சிரட்டைக்குக் கீழிருந்து விட்ட நூல் பெடலின் அச்சுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இதைச் சட்டம் என்று சொல்ல மாட்டேன், தொடங்குவதற்கு ஓர் இடம். கொத்தனார் சாமான் சைக்கிள் கடையில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, மட்டமும் தூக்கும் பார்க்கிற வேலை எல்லாத் தொழிலிலும் உண்டு என்று சொல்வேன்.

நான் வேலை பழகிய காலத்தில் கடைக்கு வந்ததெல்லாம் ராடு பிரேக் வைத்த பெரிய சைக்கிள்கள். அவற்றில் ஹேண்டிலை ஓர் அங்குலம் உயர்த்தினால் பிரேக் ராடும் கூடவே எழும்பும். ராடின் இணைப்பைத் தளர்த்தி, கட்டை ரிம்மைச் சரியாகத் தொடுகிற மாதிரி மறுபடி பூட்ட வேண்டும். ஹேண்டிலைத் தொட்டால் பிரேக்கைத் தொட்டதாக அர்த்தம் என்று மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது அங்கேதான். 1990களில் ஹெர்குலிஸ் எம்டிபி, ஹீரோ ரேஞ்சர் எல்லாம் தெருவுக்கு வந்தபோது ராடு போய் ஒயர் வந்தது. பிரேக் மாறியதே தவிர, ஃபோர்க்குக்குள் ஹேண்டில் நிற்கிற விதம் அதேதான்.

அந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்னமும் ஊருக்குள் ஓடுகிற மலிவு விலை மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஹேண்டிலைத் தாங்குகிற ஸ்டெம்மின் தண்டு ஃபோர்க்கின் மேல் குழாய்க்குள் இறங்கியிருக்கும். தண்டின் அடியில் சாய்வாக வெட்டிய ஓர் ஆப்பு. மேலிருந்து நீளமான போல்ட் ஒன்று அந்த ஆப்பை மேலே இழுக்கும். ஆப்பு பக்கவாட்டில் விலகிக் குழாயின் உட்சுவரில் இறுகும். இதைத் தளர்த்துகிறவர்கள் போல்ட்டைச் சுற்றிக்கொண்டே போய், ஹேண்டில் அசையவில்லையே என்று முழுவதுமாகக் கழற்றிவிடுகிறார்கள். ஆப்பு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நாலைந்து சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். போல்ட்டின் தலை அந்த அளவுக்கு மேலே எழும்பி நிற்கும். அதன் மேல் மரக்கட்டையை வைத்து ஒரே தட்டு. உள்ளே ஆப்பு விடுபட்டு இறங்குவது கையில் தெரியும். பிறகு முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலை இடமும் வலமும் திருகியபடி மேலே இழுக்கலாம்.

வருஷக்கணக்காகக் கழற்றாத வண்டியில் துரு பிடித்துக் கெட்டியாகியிருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கின் அடித்துளை வழியாக மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைப்பேன். அவசரப்பட்டு அடித்து நெளித்த ஃபோர்க்குகளை நிறையப் பார்த்தாயிற்று. வெளியே வந்த தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவாமல் திரும்ப இறக்கவே கூடாது. அடுத்த தடவை அதைக் கழற்றப் போகிறவருக்குச் செய்கிற உபகாரம் அது.

அந்தத் தண்டில் ஒரு கோடு இருக்கும். சிலவற்றில் வரிவரியாகக் கீறியிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு ஹேண்டிலைத் தூக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. "இன்னும் அரை இஞ்ச் மட்டும் தூக்குங்கண்ணா, ஒண்ணும் ஆகாது" என்று கேட்பார்கள். என்ன ஆகும் என்று தெரிந்தால் கேட்க மாட்டார்கள். ஃபோர்க் குழாயின் மேற்பகுதியில், ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங் இருக்கும் கப் செட்டைப் பூட்டுவதற்கான மரை வெட்டியிருக்கிறது. மரை வெட்டிய இடத்தில் உலோகம் மெலிந்திருக்கும். ஆப்பு மரைக்குக் கீழே, குழாய் தடிமனாக இருக்கிற இடத்தில் இறுக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கோடு. அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி, தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்குக் குறையாமல் உள்ளே இருக்கும்படி அதைப் போட வேண்டும். 22.2 மில்லிமீட்டர் தண்டு என்றால் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே நிற்கும். கோட்டைத் தாண்டினால் ஆப்பு மெலிந்த இடத்தில் நெட்டித் தள்ளும். குழாய் பிதுங்கும், இல்லாவிட்டால் விரியும். இறக்கத்தில் ஹேண்டில் கையோடு வந்துவிட்டால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. இன்னும் உயரம் வேண்டுமென்றால் தண்டு நீளமான வேறு ஸ்டெம் வாங்கிப் போடலாம். பெரிய செலவில்லை.

இப்போது வருகிற நல்ல மலைச் சைக்கிள்களில் இந்த ஏற்பாடு கிடையாது. 1990களின் தொடக்கத்தில் டயா-கம்ப்பே நிறுவனம் 'அஹெட்செட்' என்ற பெயரில் கொண்டுவந்த முறை எங்கும் பரவிவிட்டது. ஃபோர்க்கின் குழாயில் மரையே இல்லை. குழாய் கப் செட்டைத் தாண்டி மேலே நீண்டிருக்கும்; அதன் வெளிப்புறத்தைச் சுற்றி ஸ்டெம் கவ்விப் பிடிக்கும். ஸ்டெம்முக்குக் கீழே வளையம் வளையமாக ஸ்பேசர்கள். உச்சியில் ஒரு மூடி, அதன் நடுவில் ஒரு போல்ட். உறுதியில் பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஹேண்டிலை இஷ்டப்படி ஏற்றி இறக்குகிற சுதந்திரம் இதில் போய்விட்டது. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உயரம்.

ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் இருந்தால் அதிர்ஷ்டம். அதை எடுத்துக் கீழே போட்டால் ஸ்டெம் அந்த அளவுக்கு மேலே ஏறும். வேலை பத்து நிமிடம்தான் என்றாலும் வரிசை தப்பக் கூடாது. மூடியைக் கழற்றி, ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட் இரண்டையும் தளர்த்தி, ஸ்பேசரை இடம் மாற்ற வேண்டும். குழாயின் உச்சி, மேலே இருக்கும் ஸ்டெம்மின் அல்லது ஸ்பேசரின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சமமாகவோ உயர்ந்தோ இருந்தால் மூடி குழாயில் முட்டி நிற்கும், கப் செட்டை அழுத்தாது. பிறகு மூடியை இதமாக இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். கப் செட்டில் விரல் வைத்தால் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். ஆட்டம் நின்று, ஹேண்டில் தடையில்லாமல் திரும்பினால், சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை நிறுத்திப் பக்கவாட்டுப் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்க வேண்டும். ஸ்டெம்மிலேயே அளவு அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர். டார்க் கீ இல்லாமல் கார்பன் குழாயைத் தொடாதீர்கள். இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஸ்டெம்மைப் பிடித்து வைத்திருப்பது பக்கவாட்டுப் போல்ட்தான்; உச்சி மூடி பேரிங்கை அழுத்துவதற்கு மட்டும். பக்கவாட்டுப் போல்ட்டைத் தளர்த்தாமல் மூடியை மட்டும் முறுக்கினால் எதுவும் நகராது, மூடியின் போல்ட்தான் பிய்யும்.

ஸ்பேசர் இல்லையா, ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டிப் பார்ப்பேன். காசு செலவில்லாத வழி இது, பலருக்குத் தெரியாது. பெரும்பாலான ஸ்டெம்களில் ஆறேழு பாகை சாய்வு இருக்கிறது. கீழ்நோக்கி மாட்டியிருந்தால் மேல்நோக்கித் திருப்பலாம். 90 மில்லிமீட்டர் நீளமும் ஆறு பாகைச் சாய்வும் உள்ள ஸ்டெம், ஃபோர்க் குழாய் தரையோடு 70 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும் சைக்கிளில் திருப்பி மாட்டப்பட்டால் ஹேண்டில் சுமார் 18 மில்லிமீட்டர் உயரும். கேட்க அற்பமாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால் கழுத்துக்குத் தெரியும். ஹேண்டில் விஷயத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது பெரிய அளவு. அதனால்தான் ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்ற மாட்டேன். ஒரு படி உயர்த்திக் கொடுத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்டெம் அதன் மேல் ஏற ஏற ஹேண்டில் உங்களை நோக்கியும் வரும். 70 பாகைச் சைக்கிளில் 30 மில்லிமீட்டர் ஸ்பேசர் சேர்த்தால் 28 மில்லிமீட்டர் உயர்ந்து, 10 மில்லிமீட்டர் கிட்டே வருகிறது. பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்தப் பத்து மில்லிமீட்டர்தான். எட்ட முடியாமல் குனிகிறார்கள்; அதைத் தாழ்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு நீளம் குறைந்த ஸ்டெம் மாட்டினால் போதும்.

இதற்கும் மேல் உயரம் வேண்டுமென்றால் நடுவில் தாழ்ந்து இரு பக்கமும் எழும்பிய ரைசர் ஹேண்டில் நல்ல வழி. 20, 30, 40 மில்லிமீட்டர் எழுச்சிகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் நடுப்பகுதியின் விட்டத்தைப் பாருங்கள். பழைய ஸ்டெம்முக்கு 25.4, இப்போதைய ஸ்டெம்முக்கு 31.8, சிலவற்றுக்கு 35. மாறி வாங்கினால் உள்ளே தகடு வைத்துச் சமாளிக்கக் கேட்பார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. ஃபோர்க் குழாயின் மேல் இன்னொரு குழாயைக் கவ்வ வைத்து உயர்த்தும் நீட்டிப்பு ஒன்றும் சந்தையில் இருக்கிறது. வயதானவர் நிதானமாகத் தார் ரோட்டில் ஓட்டுவதானால், இரும்பு அல்லது அலுமினியக் குழாயில், கோடு பார்த்துப் பூட்டித் தருவேன். கல்லிலும் பள்ளத்திலும் இறங்குகிறவருக்குத் தர மாட்டேன். நெம்புகோல் நீளமானால் அடிக்குழாயில் விசை கூடும்.

ஹேண்டில் உயர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துப் பணம் வாங்கிவிடுகிற கடைகளும் இருக்கின்றன. ஒயரைப் பார்க்காமல் வண்டியை வெளியே விடுவது பெரிய ஆபத்து. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒயரின் மேலுறையான அவுட்டர் விறைத்து இழுபட்டால், திரும்பும்போது கியர் தானாக விழும். பிரேக் தானாகப் பிடிக்கும். கோத்தகிரி வளைவில் அது நடந்தால் ஆளைக் கீழே தள்ளும். அவுட்டரும் ஒயரும் புதிதாக நீளமாக வெட்டிப் போடுவதற்கு ஆகும் காசு டீச் செலவு மாதிரிதான். ஹைட்ராலிக் பிரேக் என்றால் குழாய் மாற்ற வேண்டும், ஆயில் விட்டுக் காற்றெடுக்க வேண்டும். சிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். கார், பைக்குக்கு ஊற்றுகிற டாட் திரவத்தை விட்டால் சீல் ரப்பர் கெட்டுப்போகும். கடைசியாக, பிரேக் லீவரின் சாய்வு. ஹேண்டில் மேலே போனதும் மணிக்கட்டு பழைய கோணத்தில் இருக்காது. உட்கார்ந்து விரலை நீட்டினால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் லீவரைத் தொட வேண்டும்.

சில வண்டிகளில் ஹேண்டில் தாழ்ந்ததற்குக் காரணமே முன்ஷாக்காக இருக்கும். 100 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள காற்று ஷாக், ஆள் ஏறி உட்கார்ந்ததும் 20 முதல் 25 மில்லிமீட்டர் அமுங்கலாம். சீல் கசிந்து காற்று இறங்கிவிட்டால் நாற்பதைத் தாண்டி அமுங்கும். ஓட்டுகிறவருக்குப் படிப்படியாக நடப்பதால் தெரியாது. "முன்ன நல்லாத்தானுங்க இருந்துச்சு, இப்பதான் கழுத்து வலிக்குது" என்று ஒருவர் சொன்னால், ஷாக் பம்பைத்தான் முதலில் தேடுவேன்.

மலைச் சைக்கிள் பிறந்தபோது அதன் ஹேண்டில் தாழ்வாக இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், டமல்பாயிஸ் மலையைச் சுற்றி, இளைஞர்கள் பழைய ஷ்வின் தடித்த டயர் சைக்கிள்களில் மண் பாதை இறங்கினார்கள். கையில் அகலமான, உயர்ந்த ஹேண்டில்; மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர். 1976இல் தொடங்கிய அவர்களுடைய ரீபேக் பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்ததே பட்டறை வேலையிலிருந்துதான்: ஒரு தடவை இறங்கியதும் பின் ஹப்பில் இருந்த பிரேக்கின் கிரீஸ் வெந்து புகையாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது. பிறகு பந்தயம் பெரிதாகி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்வரை போனது. பந்தயக்காரர்கள் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காமல் இருக்க, ஸ்டெம்மை நீட்டி ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள். கடைச் சைக்கிள்களும் அந்தப் படத்தைப் பார்த்தே செய்யப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை மருதமலை போய் வருகிற ஐம்பது வயதுக்காரருக்குப் பந்தயக்காரரின் முதுகு எதற்கு?

அதற்காகப் பந்தயக்காரர்கள் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஹேண்டிலை அளவுக்கு மேல் தூக்கியவர் செங்குத்தான ஏற்றத்தில் சின்ன கியரில் மிதிக்கும்போது முன்சக்கரம் தரையை விட்டு மிதக்கும். நேராகப் போகாமல் அலையும். வளைவில் முன் டயருக்குப் போதிய பாரம் இல்லாமல் சறுக்கும். இறக்கத்தில் உயர்ந்த ஹேண்டில் தைரியம் கொடுக்கும், ஏற்றத்தில் அதன் கூலியைக் கேட்கும். புதிதாக வருபவருக்கு நான் சீட்டுக்குச் சமமான உயரத்தில் ஹேண்டிலை வைத்துத் தொடங்குவேன். கழுத்தோ முதுகோ ஒத்துழைக்காதவருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே. உடம்பு பழகியபின் ஒவ்வொரு ஸ்பேசராகக் கீழே இறக்கச் சொல்லி அவர்களே வருவதும் உண்டு.

மனம் வேதனைப்படுவது ஒரு விஷயத்தில்தான். புது ஃபோர்க் மாற்றும்போது, ஸ்டெம்முக்கு மேல் வளையம் நின்றால் பார்க்க நன்றாக இல்லை என்று சொல்லி, குழாயை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் அப்படி வெட்டிய ஃபோர்க்கோடு வந்தான், வேறு ஊரில் செய்தது. மணிக்கட்டு அடிபட்டபின் அவனுக்கு மூன்று சென்டிமீட்டர் உயரம் தேவைப்பட்டது. ஸ்டெம்மைத் திருப்பி, 40 மில்லிமீட்டர் ரைசர் போட்டு ஒருவாறு ஒப்பேற்றினோம். வெட்டாமல் விட்டிருந்தால் நாலு ஸ்பேசரில் முடிந்திருக்கும். அவனுடைய ஃபோர்க் விலை என் கடையின் ஒரு மாத வாடகைக்கும் மேல்.

ஆகவே புது ஃபோர்க் போடப் போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: குழாயை வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் நினைக்கும் உயரத்துக்கு மேல் 30 மில்லிமீட்டராவது விட்டு வெட்டச் சொல்லுங்கள். கார்பன் குழாயானால் எத்தனை மில்லிமீட்டர் ஸ்பேசர் வைக்கலாம் என்று செய்தவர் போட்டிருக்கும் வரம்பைக் கேட்டு அதற்குள் நில்லுங்கள். மிச்சத்தை ஸ்பேசர் வைத்து மூடி, ஆறு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அந்த உயரம் வேண்டாமென்றால் வந்து வெட்டிக்கொள்ளலாம். கால் மணி நேர வேலை.